கொட்டகையை விட்டு வெளியே வராத எம்.ஆர்.ராதா

கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் பக்திப் பாட்டு. பொழுது சாய்ந்ததும் படங்களின் கதை வசனம். அந்த வரிசையில் ஒரு காலத்தில் தவறாமல் இடம்பிடித்தது 'ரத்தக்கண்ணீர்'. கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த ஒரு நடிகரின் குரல், அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் இருந்து ஊர் முழுக்கக் கேட்கும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

எம்.ஆர்.ராதா என்றதும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகம் வரும். ஒன்று, எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்த தோட்டா. இன்னொன்று, "அடியே காந்தா" என்று இழுக்கிற அந்தக் குரல். முதலாவது ஒரு மாலை நேரத்துச் சம்பவம். இரண்டாவது ஒரு படத்தின் ஒரு துணுக்கு. ஐம்பது வருடத்துக்கு மேல் நடித்த ஒரு மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விட்டார். அவர் என்ன மாதிரி நடிகர், அந்த நடிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சினிமாவில் தேடிப் பயனில்லை. நாடகக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். என் கணக்கில் ராதா கடைசிவரை அதை விட்டு வெளியே வரவே இல்லை. கேமரா முன்னால் நின்றபோதும் அவர் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

1907 ஏப்ரல் 14 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர் ராதாகிருஷ்ணன். அப்பா ராஜகோபால் பட்டாளத்துக்காரர். மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன்தான் சுருங்கி எம்.ஆர்.ராதா ஆனது. சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டு, அம்மா போடாததால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன பையன் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை. எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒருவருடைய பெட்டியைத் தூக்கப் போக, அவர் நாடகக் கம்பெனி நடத்துகிறவராக இருக்க, பையன் அப்படியே கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று அந்தக் கதை நீளும். மீன் துண்டு நிஜமோ இல்லையோ, வீட்டை விட்டு ஓடிவந்த பையன்களுக்கு அன்றைக்கு இருந்த முகவரி நாடகக் கம்பெனிதான் என்பது நிஜம்.

பாய்ஸ் கம்பெனி என்று சொல்லப்பட்ட அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நாடகத்துக்குக் கட்டுப்பாடான ஆட்கள் கிடைக்காமல் சலித்துப்போன சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள், சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கலாம் என்று இறங்கினார்கள். மதுரையைச் சுற்றி அப்படிப்பட்ட கம்பெனிகள் பெருகின. சாப்பாடு, தங்குமிடம், பாடம், பாட்டு, அடி எல்லாம் வாத்தியார் பொறுப்பு. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்), கள்ளபார்ட் (திருடன், வில்லன்), பபூன் (கோமாளி) என்று வேஷங்கள் பிரித்துக் கொடுக்கப்படும். டி.கே.எஸ். சகோதரர்கள், என்.எஸ்.கிருஷ்ணன், பி.யு.சின்னப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் என்று பிற்காலத் தமிழ் சினிமாவின் பாதி பேர் இந்தப் பாசறைகளில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள்தான். பையனுக்குக் குரல் உடைவதை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்பார்கள். மகரக்கட்டு வந்துவிட்டால் பாடுகிற பையனின் மதிப்பு ஒரே ராத்திரியில் இறங்கிவிடும். ராஜபார்ட் வேஷம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

ராதா பாட்டால் பேர் வாங்கியவர் அல்ல. கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் ஐந்து கட்டை என்கிற உச்ச சுருதியில் பாடி ஜனங்களைக் கட்டிப்போட்ட காலத்தில் இது சாதாரணக் குறை இல்லை. பாடத் தெரியாதவன் மேடையில் நிற்க வேண்டுமானால் வேறு ஏதாவது கையில் இருக்க வேண்டும். ராதாவிடம் இருந்தது பேச்சு. அதோடு கை வேலையும் தெரியும். மின்சார வேலை, மோட்டார் ரிப்பேர், சீன் வேலை என்று கம்பெனியில் எதையும் விட்டுவைக்காதவர். ஜெகந்நாத ஐயர் கம்பெனி போன்ற பெரிய சபைகளில் இருந்தபோது அவர் கற்றுக்கொண்டது இதுதான்: எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் இருமுகிறார்கள், எந்த இடத்தில் எழுந்து முறுக்கு வாங்கப் போகிறார்கள். பாடுகிறவனுக்கு இதெல்லாம் தேவையில்லை. பேச்சை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இதுதான் சோறு.

சினிமா அவரை முதலில் சீண்டிப் பார்த்தது 1937இல், 'ராஜசேகரன்' படத்தில். அப்புறம் 'பம்பாய் மெயில்', 'சத்தியவாணி' என்று சில படங்கள். ஒன்றும் நிற்கவில்லை. பாடுகிற கதாநாயகர்களின் காலம் அது. 1942 வாக்கில் சினிமாவை விட்டுவிட்டு மேடைக்கே திரும்பினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் அவருடைய உண்மையான காலம் என்று நினைக்கிறேன். அதில் ஒரு அடி பிலிம்கூட நம்மிடம் இல்லை.

'இழந்த காதல்' நாடகத்தில் வரும் சவுக்கடிக் காட்சி அந்தக் காலத்தில் விளம்பரத்தில் தனியாகப் போடுகிற அளவுக்குப் பேர் வாங்கியது. அதில் ராதா பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வசனம் பேசுவார் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாடகக் கம்பெனியில் முதல் பாடமே ஜனங்களுக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான். மைக் வசதி சரியாக இல்லாத கொட்டகையில் திரும்பி நின்று பேசினால் பின்வரிசைக்குக் கேட்காது. அதைத் தெரிந்தே மீறுகிறவனுக்குத் தன் குரல்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

இந்தக் கட்டத்தில்தான் பெரியார் வருகிறார். 1944இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய காலம். ராதா தன் கம்பெனியைக் கழக மேடையாகவே ஆக்கிக்கொண்டார். ஈரோட்டில் அவருடைய கம்பெனி இருந்தபோது அதில் நடித்த பையன்களில் ஒருவர், பிற்பாடு சிவாஜி ஆன கணேசன். கலைஞர் கருணாநிதி எழுதிய 'தூக்குமேடை'யை ராதா நடத்தினார். 'கலைஞர்' என்ற பட்டமே அந்த நாடகத்தின்போது ராதா கொடுத்ததுதான். ராதாவுக்கு 'நடிகவேள்' பட்டத்தைச் சூட்டியவர் பட்டுக்கோட்டை அழகிரி. 1949இல் கட்சி பிரிந்தபோது நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் பெரும்பாலும் அண்ணா பக்கம் போனார்கள். ராதா போகவில்லை. பெரியாரோடு நின்றார். பிற்பாடு நடந்த பலவற்றுக்கும் இந்த முடிவு பின்னணியாக இருந்தது.

சரி, மேடையில் அவர் என்னதான் செய்தார்? நாடகம் என்றால் எழுதி வைத்த வசனம், அதை ஒப்பிக்கிற நடிகன் என்பதுதான் பாய்ஸ் கம்பெனியின் ஒழுங்கு. ராதா அந்த ஒழுங்கில் வளர்ந்து அதையே உடைத்தவர். எழுதிய வசனம் அவருக்கு ஒரு கொடிக்கயிறு மாதிரி. அன்றன்றைக்குக் கிடைப்பதை அதில் தொங்கவிடுவார். காலைப் பத்திரிகையில் வந்த செய்தி ராத்திரி வசனத்தில் வரும். ஊரில் இறங்கியதும் கேள்விப்பட்ட உள்ளூர்ப் பெரிய மனிதரின் சங்கதி வரும். கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தால் கதாபாத்திரத்தை விட்டு இறங்காமலே அவனுக்குப் பதில் சொல்வார். அதனால் ஒரே நாடகத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்கள் இருந்தார்கள். கல் எறிந்தவர்களும் இருந்தார்கள். மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் வரவே வேண்டாம், அவர்கள் காசும் எனக்கு வேண்டாம் என்கிற தொனியில் விளம்பரமே கொடுத்தவர் அவர்.

இராமாயணத்தை அவர் மேடையேற்றியபோது விஷயம் முற்றியது. நாடகத்துக்குத் தடை, கைது, மறுபடி பெயரை மாற்றி நாடகம் என்று அரசாங்கத்துக்கும் அவருக்கும் கண்ணாமூச்சி நடந்தது. நாடகங்களைக் கட்டுப்படுத்த நாட்டில் ஏற்கெனவே 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டிக் கல்கத்தாவில் நடந்த கேலி நாடகங்களைப் பார்த்துப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட சட்டம். சுதந்திரம் வந்த பிறகு, 1954இல், சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ராதாவை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்பது அப்போதிருந்தே பேச்சு. வேடிக்கை என்னவென்றால், பெரியார் மனமார ஆதரித்த காமராஜர் ஆட்சியில்தான் அந்தச் சட்டம் வந்தது.

நாடகப் பிரதியைக் காட்டு என்று அரசாங்கம் கேட்கலாம் என்பது இந்தச் சட்டத்தின் முக்கியமான பிடி. சினிமாவுக்குத் தணிக்கை சுலபம். முடிந்த படச்சுருளைப் போட்டுப் பார்த்து வெட்டலாம். வெட்டியது வெட்டியதுதான். நாடகத்தில் பேப்பரில் இருப்பது ஒன்று, படுதா ஏறிய பிறகு நடப்பது வேறொன்று. மற்ற கம்பெனிகளுக்கு இந்த இடைவெளி சின்னது. ராதாவுக்கோ அந்த இடைவெளியே நாடகம். பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு அவரை என்ன செய்ய முடியும்? அதனால் சட்டம் இருந்தும் அவர் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தார். சட்டத்தால் அவஸ்தைப்பட்டவர்கள், அவருக்குப் பின் வந்த, பிரதியை ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு போலீஸ் அனுமதிக்குக் காத்திருந்த சின்னச் சின்ன நாடகக் குழுக்கள்தான். பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது 2013இல். ராதா இறந்து முப்பத்து நான்கு வருடம் கழித்து!

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகம் ஆயிரக்கணக்கான முறை மேடையேறியது. அதைப் படமாக்க முன்வந்தவர், 'பராசக்தி'யை ஏ.வி.எம்.முடன் சேர்ந்து எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். 1954 தீபாவளிக்கு வந்தது. கே.பி.சுந்தராம்பாள் சினிமாவுக்கு ஒரு லட்சம் வாங்கியவர் என்பதால், அதைவிட இருபத்தைந்தாயிரம் கூடுதலாக வேண்டும் என்று ராதா கேட்டார் என்றும், நாடகத்தை நிறுத்திவிட்டுப் படப்பிடிப்புக்கு வரமாட்டேன் என்று நிபந்தனை போட்டார் என்றும் சொல்வார்கள். இரண்டாவதை நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை. படத்தைப் பார்த்தாலே தெரியும், அது மேடையை விட்டு இறங்காத ஒருவரின் படம்.

மோகனசுந்தரம் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்புகிற பணக்காரன். ஊரில் இறங்கியதில் இருந்து எதிரே வருகிற எல்லோரையும் நக்கலடிக்கிறான். எதிரே நிற்கிற நடிகரைப் பார்த்து அவன் பேசுவது குறைவு. முகம் பாதி நம் பக்கம் திரும்பியே இருக்கும். ஒரு நக்கலைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்கக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடுத்த வார்த்தையை எடுப்பார். ஸ்டுடியோவில் சிரிக்க ஆளே கிடையாது. ஆனாலும் ஆயிரம் ராத்திரி கேட்ட சிரிப்பு அவர் காதில் இருக்கிறது. இன்றைக்கு அந்தப் படத்தைத் தியேட்டரில் போட்டாலும் அந்த இடைவெளிகளில் சரியாகச் சிரிப்பு வந்து உட்காரும். தொழுநோய் வந்த பிறகு உடம்பு குன்றி, கை மடங்கி, கண் போய், குரல் மட்டும் தேயாமல் நிற்கும். காந்தாவாக எம்.என்.ராஜம், மனைவி சந்திராவாக ஸ்ரீரஞ்சனி, நண்பன் பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன். எல்லோரும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு படத்தில் நடிக்கிறார்கள், ராதா வேறொன்றில் நடிக்கிறார்.

இந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் பேசாமல் கடந்துபோகும் ஒரு சங்கடம் உண்டு. எழுதியவர் பகுத்தறிவுக்காரர், நடித்தவர் பகுத்தறிவுக்காரர். கதை மட்டும், பாவம் செய்தவனுக்கு வியாதி வரும் என்கிற பழைய கர்மவினைக் கணக்கு. தொழுநோய் கிருமியால் வருவது என்பது எப்போதோ நிரூபணமான விஷயம். டாப்சோன் மருந்தும் 1940களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. தாயை உதைத்தவனுக்கும் தாசி வீட்டுக்குப் போனவனுக்கும் வருகிற தண்டனையாக அந்த நோயைக் காட்டியது, நோயாளிகளை ஊர் ஒதுக்கிவைத்த காலத்தில் நல்ல காரியம் இல்லை. இன்னொரு பக்கம், அதே படம் தன் மனைவியை நண்பனுக்கு மறுமணம் செய்துவைக்கிற இடத்துக்குத் துணிந்து போகிறது. 1954இல் அது சின்னத் துணிச்சல் அல்ல. இரண்டும் ஒரே படத்தில்தான் இருக்கின்றன.

படம் ஓடியும் ராதா உடனே சினிமாவுக்கு வந்துவிடவில்லை. நாடகம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்', அடுத்த வருடம் 'பாகப்பிரிவினை'. அதற்கப்புறம் எட்டு வருடம் ராதா இல்லாத படம் குறைவு. 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்', 'குமுதம்', 'பலே பாண்டியா', 'பெரிய இடத்துப் பெண்', 'கற்பகம்', 'புதிய பறவை' என்று அடுக்கலாம்.

தமிழ் சினிமாவில் அதற்கு முன் வில்லன் என்றால் மீசை, முறைப்பு, உறுமல். நம்பியார், வீரப்பா ரகம். காமெடியன் வேறு ஆள். ராதா இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தார். நாடகத்துக் கள்ளபார்ட்டையும் பபூனையும் ஒரே உடம்புக்குள் போட்டுக் குலுக்கிய மாதிரி. குரலும் அப்படித்தான். கீச்சென்று மேலே போகிற ஒன்று, தொண்டைக்குள் கரகரக்கிற இன்னொன்று. கெஞ்சும்போது ஒன்று, தனக்குத்தானே முணுமுணுக்கும்போது மற்றொன்று. ஒரே வாக்கியத்தின் நடுவில் இதில் இருந்து அதற்குத் தாவுவார். தனக்குள் பேசிக்கொள்கிற அந்த இரண்டாவது குரல் நேராகப் பார்வையாளருக்கு. 'பாகப்பிரிவினை'யில் ஒற்றுமையாக இருக்கிற குடும்பத்துக்குள் புகுந்து கலகம் மூட்டும் சிங்காரம் நமக்குக் கோபத்தை வரவழைக்க வேண்டிய ஆள். ஆனால் அவன் தன் திட்டத்தை முதலில் நம்மிடம்தான் சொல்கிறான். கூட்டாளியாகிவிட்ட பிறகு எப்படிக் கோபப்படுவது?

'பலே பாண்டியா'வில் இரட்டை வேடம். 'நீயே உனக்கு என்றும்' பாட்டில் சிவாஜி தேர்ந்த வித்வான் மாதிரி பாட, பக்கத்தில் உட்கார்ந்து ஜதி சொல்லித் திண்டாடுகிறார் ராதா. பாட்டு தெரியாத நாடகக்காரன் சங்கீதக் கச்சேரியையே கேலிப் பொருளாக்கிவிட்ட காட்சி அது. சிவாஜியும் அதே கொட்டகையில் வளர்ந்தவர்தான். ஆனால் லென்ஸ் எங்கே இருக்கிறது, ஒளி எங்கே விழுகிறது என்று கற்றுக்கொண்டு மேடை நடிப்பை அதற்கேற்ப மாற்றிக்கொண்டவர் அவர். ராதா மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே ஷாட்டில் வரும்போது கண் யாரிடம் போகிறது என்று அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் ராதாவிடம்தான் போகிறது. அது அவர் சிறந்த நடிகர் என்பதால் அல்ல, நம்மைப் பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால்.

பணமும் பேரும் சேர்ந்த பிறகும் சினிமாக்காரர்களின் பகட்டை அவர் மதித்ததில்லை. ஊரே வாய் பிளந்து பார்த்த இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தார் என்பது கோடம்பாக்கத்தின் நிரந்தரக் கதைகளில் ஒன்று. நடிகர்களை ஜனங்கள் தலையில் வைத்து ஆடுவதைப் பெரியாருக்கு அறவே பிடிக்காது. அந்தப் பெரியாரே சென்னை பெரியார் திடலில் எழுப்பிய அரங்கத்துக்கு 'நடிகவேள் ராதா மன்றம்' என்று உயிரோடு இருந்த ஒரு நடிகரின் பெயரை வைத்தார்.

1967 ஜனவரி 12 மாலை. தயாரிப்பாளர் கே.கே.வாசுவோடு ராமாவரம் தோட்டத்துக்குப் போனார் ராதா. ஒரு மாதத்துக்கு முன்தான் வாசு தயாரித்த 'பெற்றால்தான் பிள்ளையா' வந்திருந்தது. எம்.ஜி.ஆரும் ராதாவும் சேர்ந்து நடித்த படம். பேச்சு முற்றியது, துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில், ராதாவுக்கும் தலையிலும் கழுத்திலும். யார் முதலில் சுட்டார்கள், ஏன் என்பதில் கோர்ட்டில் இரண்டு கதைகள் சொல்லப்பட்டன. ராதாதான் எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்பது செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஏழாண்டு தண்டனை. அதற்குள் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. கழுத்தில் கட்டோடு கைகூப்பிய எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடு முழுக்கப் போனது. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஜெயித்தார், அவருடைய குரல் நிரந்தரமாக மாறியது. ராதா ஆதரித்த காமராஜரின் காங்கிரஸ் அன்று விட்ட ஆட்சியை இன்றுவரை பிடிக்கவில்லை. ஒரு தோட்டாவின்மேல் இத்தனையையும் ஏற்றுவது அதிகம்தான். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் ஏற்கெனவே அந்த வேலையை முடித்து வைத்திருந்தன.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1971இல் வெளியே வந்தார். எழுத்தாளர் விந்தன் அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லி எழுதியதுதான் 'சிறைச்சாலைச் சிந்தனைகள்'. மேடை ராதா எப்படிப் பேசியிருப்பார் என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கிற நல்ல சாட்சி அது. தன்னையும் சேர்த்து யாரையும் விட்டுவைக்காமல் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு 'சமையல்காரன்' போன்ற சில படங்களும் பழைய நாடகங்களும். உடம்பு ஒத்துழைக்கவில்லை. எம்.ஆர்.ஆர்.வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா என்று பிள்ளைகள் நடிக்க வந்தார்கள். ராதாரவியின் நக்கலில் அப்பாவின் சாயல் அங்கங்கே எட்டிப்பார்க்கும்.

1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் இறந்தார். அன்றைக்குப் பெரியார் பிறந்து சரியாக நூறு வருடம்.

'ரத்தக்கண்ணீர்' மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தெலுங்கில் நாகபூஷணம் அதை நாடகமாக எடுத்துக்கொண்டு ஆந்திரா முழுக்கச் சுற்றினார், தன் பெயருக்கு முன்னால் 'ரக்தகண்ணீர்' ஒட்டிக்கொள்கிற அளவுக்கு. 2003இல் கன்னடத்தில் உபேந்திரா நடித்துப் படமாக வந்து ஓடியது. அவரும் எதிரே நிற்கிறவரை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பித்தான் பேசினார்.